சித்திரை வெயிலிலும் வாடாத வாசல் தோட்டம்

கேள்வி: தேவகோட்டையில் மேற்குப் பார்த்த வீடு. வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே 20 அடிக்கு 8 அடி செம்மண் இடம் கிடக்கிறது. போர் தண்ணீர் உப்பு. கார்த்திகையில் பூத்துக் குலுங்கும் செடிகள் மாசி கழிந்தால் கருகிவிடுகின்றன. இட்லிப்பூச் செடி வெளுத்துக்கொண்டே போகிறது. தவழும் பேரன் இருக்கிறான். வருஷம் முழுக்க பார்க்க அழகாக இருக்க என்ன நடலாம்?

பதில்: மழை விட்டதும் நர்சரிக்குப் போய், அன்றைக்குப் பூத்திருப்பதை வாங்கி வந்து வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். அவை ஒன்றாகப் பூத்து ஒன்றாக ஓய்ந்துவிடும். செட்டிநாட்டில் சித்திரை, வைகாசியை நினைத்துத்தான் முதல் செடியை எடுக்க வேண்டும்.

அப்படி எடுத்தால் முதலில் வருவது காகிதப்பூ. அதைச் சுற்றுச்சுவரோரம் வையுங்கள். தண்ணீரைக் குறைத்தால்தான் பூக்கும். ஊற்றிக்கொண்டே இருந்தால் இலையாகத் தழைக்கும். முள் உள்ளதால் பேரன் கைக்கு எட்டும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். படிக்கு இரண்டு பக்கமும் அடுக்கு நந்தியாவட்டை. பூ குறைந்த நாளிலும் அதன் கரும்பச்சை இலை வாசலை நிறைத்து நிற்கும். இந்த மண்ணுக்கு அரளி மிகவும் ஒத்துவரும், ஆனாலும் உங்கள் வீட்டில் வேண்டவே வேண்டாம். வேர் முதல் விதை வரை நஞ்சு. தங்க அரளியும் அப்படியே.

இந்தப் பச்சைக்கு நடுவே பூக்கள் முறைவைத்து வரட்டும். பங்குனி முதல் ஆடி வரை குண்டுமல்லி. கார்த்திகைக் கடைசியில் அதை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் கோடையில் நிறையப் பூக்கும். சித்திரை வெயிலில் மலர்வதற்கென்றே பத்துமணிப்பூ இருக்கிறது, நான்கு தொட்டி போதும். மழைக்காலத்துக்குப் பவளமல்லி. கார்த்திகை, மார்கழிக்கு டிசம்பர் பூ. இடையில் விழும் வெற்றிடத்தைக் கனகாம்பரம் நிரப்பும்.

இவற்றைவிட முக்கியம் குழி. நம் ஊரில் செம்மண்ணுக்கு அடியிலேயே செம்புறாங்கல் வந்துவிடும். ஒரு சாண் தோண்டி நட்ட செடியின் வேர் கல்லில் முட்டி நிற்கும். கோடையில் முதலில் சாவது அதுதான். இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் கடப்பாரை போட்டாவது எடுங்கள். எடுத்த மண்ணோடு கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் சம அளவு கலந்து நிரப்பி, புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஐப்பசி மழை வேரைக் கீழே இறக்கிவிடும். மொட்டைமாடித் தண்ணீர் விழும் குழாயையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டால், கோடையில் தங்கிய உப்பை மழைநீரே கழுவிவிடும்.

கோடையில் தினம் தெளிப்பதைவிட, வேரூன்றிய செடிக்கு வாரம் இருமுறை ஆழமாக ஊற்றுவது நல்லது. செடியடியில் காய்ந்த சருகை மூன்று விரற்கடை பரப்புங்கள். வெள்ளைக் கூழாங்கல் போடச் சொல்வார்கள். அது வெயிலை இலைமேல் திருப்பி அடிக்கும், வேண்டாம்.

இட்லிப்பூவின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீர் ஊற்றினால் வேர் அதை எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை.

வாசல்படிக்கு நேரே நாலடி சும்மா விடுங்கள், கோலத்துக்கு. பவளமல்லியை அதன் ஓரத்தில் வைத்தால் புரட்டாசி விடியலில் பூ கோலத்தின் மேலேயே உதிரும்.