மீதித் தொகையைக் கொடுக்கும் முன்: பெயர் மாறாத பழைய காரை வாங்கலாமா?

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்க விலை பேசி, விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் விற்பவரின் பெயர் இல்லை. வேறொருவர் பெயர் இருக்கிறது. அவரிடமிருந்து சென்ற ஆண்டு வாங்கியதாகவும், பெயர் மாற்றம் செய்யாமலேயே ஓட்டியதாகவும், அவர் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்களான படிவம் 29, படிவம் 30 இரண்டும் தம்மிடம் இருப்பதாகவும் விற்பவர் சொல்கிறார். ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயரும் உள்ளது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார். வண்டி விபத்தில் சிக்கியதே இல்லை என்றும் உறுதி கூறுகிறார். மீதித் தொகையைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இன்றைய நிலையில் கொடுக்க வேண்டாம். பேரத்தையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டி நல்லதாக இருக்கலாம், விற்பவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் உரிமையாளர் யார், வங்கி தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதா, வண்டியின் நிலை என்ன ஆகிய மூன்றுக்கும் உங்களிடம் இப்போது இருப்பது அவருடைய வாய்ச்சொல் மட்டுமே. மீதித் தொகை உங்கள் கையில் இருக்கும்வரைதான் இம்மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறும் வலிமை உங்களுக்கு உண்டு.

முதலில் உரிமை. கார் என்பது அசையும் பொருள். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்பவரும் வாங்குபவரும் எப்போது உரிமை மாற வேண்டும் எனக் கருதினார்களோ அப்போதே அது மாறிவிடுகிறது, ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை அது காத்திருப்பதில்லை. ஆகவே, சென்ற ஆண்டு பணம் கொடுத்து வாங்கியது உண்மையானால், உங்களிடம் விற்பவர் உரிமையாளராகவே இருக்கக்கூடும். ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(30)-இல், யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், வாகனம் பலர் கை மாறிய பின்னரும் ஆர்.சி.யில் பெயர் மாறாமல் இருந்த நிலையில், விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளர் மீதே விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பால் பாதிக்கப்படுபவர் பழைய உரிமையாளர்தானே, நமக்கென்ன என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைக்க வேண்டாம். ஓராண்டாக அந்த வண்டியின் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் இருக்கிறது. அதை அவர் உணரும் நாளில், அஞ்சி, பெயர் மாற்றத்துக்கு எதிராக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். தமக்குச் சேர வேண்டிய பணம் பாக்கி என்று சொல்லலாம். கையெழுத்து தம்முடையதே அல்ல என்றும் மறுக்கலாம். அவர் இதற்குள் காலமாகியிருந்தால் அந்தப் படிவங்களை வைத்து எதுவும் செய்ய முடியாது. வாரிசுகள் படிவம் 31 வழியாக முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே உங்களுக்கு விற்க முடியும். எனவே உங்களுக்கு வேண்டியது அவருடைய இன்றைய சம்மதம்.

அவரை நேரில் சந்தியுங்கள். பதிவு பெற்ற உரிமையாளர், இப்போது விற்பவர், நீங்கள் ஆகிய மூவரும் கையொப்பமிடும் ஓர் ஒப்பந்தத்தை எழுதுங்கள். முதல் விற்பனை எந்தத் தேதியில் நடந்தது, அதற்கான தொகை முழுவதும் பெறப்பட்டதா, இப்போது உங்களுக்கு விற்பதில் முதலாமவருக்கு ஆட்சேபம் இல்லையா என்பவை அதில் தெளிவாக இடம்பெற வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் உங்கள் பெயரும் தேதியும் நிரப்பப்பட்ட நிலையில் உங்கள் முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும். வெற்றுப் படிவத்தை வாங்கவும் வேண்டாம், வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடவும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 50-இன்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி வேறு மாநிலப் பதிவாக இருந்தால் விற்பவருக்கு 45 நாட்கள் உண்டு. ஆனால் படிவம் 28 வழியாகப் பெறும் தடையின்மைச் சான்று இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது.

உங்களிடம் விற்பவர் உண்மையில் கார் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவராகவும் இருக்கலாம். அப்படியானால் 1.4.2023 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அவரிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டது படிவம் 29சி மூலம் தெரிவிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் தம்மைத் தனிநபர் என்று சொல்லிக்கொள்வதில் உள்ள வசதியைப் பின்னால் விளக்குகிறேன்.

அடுத்தது வங்கி. கடன் முடிந்தது என்பதும், ஆர்.சி.யில் உள்ள ஹைபாதிகேஷன் பதிவு (வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு) நீங்கியது என்பதும் ஒன்றல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 51-இன்படி, அந்தப் பதிவு இருக்கும்வரை கடன் கொடுத்தவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் உரிமை மாற்றத்தைப் பதிய முடியாது. அந்தப் பதிவை நீக்குவதற்கான, வங்கியின் கையொப்பமும் முத்திரையும் உள்ள படிவம் 35-ஐயும், தடையின்மைக் கடிதத்தையும் விற்பவர் பெற்றுத் தர வேண்டும். கடிதத்தைக் கையில் வாங்கியதோடு நின்றுவிடாமல், அது உண்மையானதா என்று வங்கிக் கிளையிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். கடனில் ஏதேனும் மீதமிருப்பதாகத் தெரிந்தால், எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று வங்கி எழுதித் தரும் தொகையை நேரடியாக அந்தக் கடன் கணக்கிலேயே செலுத்தி, மிச்சத்தை மட்டும் விற்பவருக்குக் கொடுப்பதே பாதுகாப்பான வழி.

மூன்றாவது, வண்டியின் நிலை. பழைய கார் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17-இன் விளக்கத்தில், பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறுமனே மௌனமாக இருப்பது மோசடி ஆகாது என்கிறது. நீங்கள் கேட்காத ஒன்றை விற்பவர் சொல்லாமல் விட்டால், சட்டம் பெரும்பாலும் உங்களுக்கு உதவாது. பிரிவு 19-க்கு உள்ள விதிவிலக்கு இன்னும் கடுமையானது. தவறான தகவலாலோ மோசடியான மௌனத்தாலோ நீங்கள் சம்மதித்திருந்தாலும், சாதாரணக் கவனத்துடன் விசாரித்து உண்மையை அறிந்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆனால் தெரிந்தே சொல்லப்பட்ட பொய்க்கு, அது மோசடி என்பதால், இந்த விதிவிலக்கின் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்; பதிலையும் எழுத்தில் பெறுங்கள். வண்டி விபத்தில் சிக்கியதா, வெள்ளத்தில் மூழ்கியதா, எஞ்சினோ கியர்பாக்ஸோ மாற்றப்பட்டதா, காப்பீட்டில் இழப்பீடு கோரப்பட்டதா, ஓடிய கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் காட்டுவதுதானா, வண்டி தொடர்பாக வழக்கோ பறிமுதலோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவற்றுக்கான விடைகளை விற்பவரின் உறுதிமொழியாக ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். ‘வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது’ என்ற ஒற்றை வரியை மட்டும் எழுதி நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். உறுதிமொழி தர மறுப்பவரிடம் வாங்குவதைவிட வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

வண்டியை நீங்களே மேலோட்டமாகப் பார்த்துத் திருப்தி அடைவதும் ஆபத்து. விற்பவர் வியாபாரியாக இருந்தால் பொருள் விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16 தரம் குறித்து உங்களுக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே, விற்பவரோடு தொடர்பில்லாத, உங்களுக்கு நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று சோதித்து, அவர் கண்டவற்றை எழுதி வாங்குங்கள். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் உள்ள பழைய பதிவுகளை விற்பவர் மூலம் கேட்டுப் பெற்று, ஒவ்வொரு சர்வீஸின்போதும் குறிக்கப்பட்ட கிலோமீட்டரை இன்றைய மீட்டருடன் ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே பார்த்து ஆர்.சி.யுடன் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். திருட்டு வண்டியை எவ்வளவு நல்லெண்ணத்துடன் வாங்கினாலும் அதன் உரிமை உங்களுக்கு வராது. அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு, காப்பீடு, கடன் விவரங்களையும், இ-செலான் தளத்தில் கட்டப்படாத அபராதங்களையும் பார்த்துவிடலாம். சில நிமிட வேலைதான்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 157-இன்படி உங்கள் பெயருக்கு மாறியதாகவே கருதப்படும். ஆனால் உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது. எனவே 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றுங்கள். பழைய உரிமையாளரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’ (இழப்பீடு கோராததற்கான கட்டணத் தள்ளுபடி) அவருக்கே உரியது, உங்களுக்கு வராது.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை. வண்டியைப் பெறும்போது தேதி, நேரம், மீட்டர் அளவு மூன்றையும் குறித்த ஒப்படைப்புக் கடிதத்தில் இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். அந்த நேரத்துக்கு முந்தைய அபராதமோ விபத்தோ பின்னர் தெரியவந்தால் அது யாருடைய பொறுப்பு என்பதை அக்கடிதமே காட்டும். மீதித் தொகையில் ஒரு பகுதியை, உங்கள் பெயரில் ஆர்.சி. வந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுவதற்கும் தடையில்லை.

இவற்றுக்கு அவர் உடன்படாவிட்டால், முன்பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். விற்கும் உரிமை தமக்கு உண்டு என்பது ஒவ்வொரு விற்பனையிலும் உள்ளடங்கிய நிபந்தனை. அதை அவரால் காட்ட முடியாதபோது உங்கள் பணத்தை வைத்துக்கொள்ள அவருக்கு நியாயம் இல்லை. அவர் வியாபாரி என்று நிறுவ முடிந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் கிடையாது. தம் சொந்தக் காரை ஒருமுறை விற்கும் தனிநபர் மீது இந்த வழி இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வியாபாரிகள் சிலர் தங்களைத் தனிநபராகக் காட்டிக்கொள்வதில் உள்ள வசதி இதுதான். ஆகவே அவர் வேறு வண்டிகளையும் விற்பதாகச் செய்துள்ள விளம்பரங்கள் கண்ணில் பட்டால் இப்போதே சேமித்து வையுங்கள். முன்பணம் கொடுத்ததற்கான வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்ய இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் பிரிவு 63 கோரும் சான்றிதழ் தேவைப்படும் என்பதால், அச்செய்திகள் உள்ள தொலைபேசியை மாற்றாமலும் விற்காமலும் வைத்திருங்கள்.