பிடித்தால் பெருவிரல் பக்கம்: தற்காப்பு கேள்வி பதில்

இரவில் வேலை முடிந்து சேலம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு திரும்புகிறேன். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் எப்படி விடுவித்துக்கொள்வது? எனக்கு உடம்பில் பலம் குறைவு.
வாசகி, அம்மாபேட்டை

எவ்வளவு முரட்டுப் பிடியானாலும் நான்கு விரல் ஒரு பக்கம், பெருவிரல் மட்டும் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிடி திறக்கும். கையை முஷ்டியாக மடக்குங்கள். அவன் பக்கமாக அரை அடி எடுத்து வையுங்கள். மணிக்கட்டின் ஒடுங்கிய ஓரம் அந்தச் சந்துக்கு நேராக வரும்படி திருப்பி, உங்கள் முழங்கையை அவன் முழங்கையை நோக்கி வேகமாக மடக்குங்கள். மணிக்கட்டு தானாக வழுக்கி வெளியே வரும்.

பெரும்பாலோர் பின்னால் சாய்ந்து நேராக இழுப்பார்கள். அது கயிறிழுக்கும் போட்டி, கனமானவன்தான் ஜெயிப்பான். அவன் சட்டென்று விட்டால் மல்லாந்து விழுவீர்கள். இரண்டு கையாலும் ஒரே கையைப் பிடித்தால், அவன் கைகளுக்கு நடுவே மறு கையை நுழைத்து, உங்கள் முஷ்டியையே பற்றி, மார்புப் பக்கமாக மேலே இழுங்கள்.

‘விடு!’ என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டே செய்யுங்கள். பயத்தில் மூச்சை அடக்கினால் உடம்பு விறைத்துப் போகும். கை விடுபட்டதும் நின்று திட்ட வேண்டாம். ஆள் இருக்கும் கடையைப் பார்த்து ஓடுங்கள். வீட்டில் பழகும்போது, பிடிப்பவர் இரக்கம் காட்டாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அது நாடக ஒத்திகைதான்.

கத்தி காட்டிப் பையைக் கேட்டால் இந்த வித்தை எதுவும் வேண்டாம். பையை ஒரு பக்கம் வீசிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

பதினாறு வயது மகன் சிலம்பம் பழகுகிறான். தெருச்சண்டைக்கு உதவுமா?
வாசகர், ஏற்காடு

கம்பு உதவாது. புருவ உயரக் கம்பைச் சுழற்ற நாலாபக்கமும் இடம் வேண்டும்; பஸ்ஸிலும் சந்திலும் அது கிடைக்காது. உதவுவது காலடிதான். எதிராளியின் கை எட்டும் தூரத்தைக் கண்ணால் அளந்து, அதற்கு ஓரடி வெளியே நிற்கும் பழக்கம் சிலம்பத்தில் நன்றாக வரும். ஆனால் சமதளத்தில் வெறுங்காலோடு பழகியவன், உங்கள் ஊர் சரிவில் பாசி பிடித்த பாதையில் செருப்போடு பின்வாங்கினால் வழுக்குவான். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் படாமல் விழவும் ஆசானிடம் கேட்டுக் கற்கட்டும். குத்துவதைவிட அதுதான் அதிகம் பயன்படும்.

ஏற்காடு மலைப்பாதையில் வண்டி உரசிவிட்டு, இறங்கி அடிக்க வந்தால்?
வாசகர், அஸ்தம்பட்டி

இருபது கொண்டை ஊசி வளைவிலும் மேலே ஏறும் வண்டிக்கு வழி விட்டாலே பாதித் தகராறு வராது. வந்துவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். இரண்டு கை நீளம் தள்ளி, பள்ளத்துக்கு முதுகு காட்டாமல் நில்லுங்கள். உள்ளங்கை இரண்டும் மார்பு உயரத்தில் விரிந்திருக்கட்டும்: பார்ப்பவருக்குச் சமாதானம், உங்களுக்குத் தடுப்பு. ‘முதல்ல வண்டியை ஓரமா விடுவோம்ணா, அப்புறம் பேசலாம்’ என்பது போதும். விரலை நீட்டிப் பேசினால் அடி நிச்சயம்.

மூடிய முஷ்டியால் தலையில் குத்தினால் சுண்டுவிரலுக்கு நேரான கை எலும்பு உங்களுக்குத்தான் முறியும். வேறு வழியே இல்லையென்றால் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நெஞ்சில் தள்ளி விலகுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தாக்க அதில் இடமில்லை. அவன் திரும்பி ஓடும்போது துரத்தி அடித்தால் வழக்கு உங்கள் மேல் வரும். யாருக்காவது காயம் என்றால் இடத்தை விட்டுப் போகாமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். எத்தனையாவது வளைவு என்று சொன்னால் சீக்கிரம் வந்து சேர்வார்கள்.