தோட்டத்து மனநோயும் ஒரு நாள் சம்பளமும்

அன்புள்ள ஐயா,

மனச்சோர்வு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் இன்னும் பேய், செய்வினை என்று பூசாரியிடம்தான் ஓடுகிறார்கள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தும் போவதில்லை. அறியாமைதானே காரணம்? கோயில் மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப்போகிறோம். என்ன பேசலாம்?

— ஒரு வாசகர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள நண்பருக்கு,

அறியாமை இல்லை என்று நான் வாதிடப்போவதில்லை. ஆனால் பூசாரி வேலை முடிந்து வருகிறவருக்காக மாலையில் கோயிலில் இருக்கிறார், தமிழில் விசாரிக்கிறார், கேட்டதை எந்தத் தாளிலும் எழுதிவைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். தேசிய சுகாதார ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. நாடு முழுவதும் பெருகியிருக்கும் நோய்க்குத் தோட்டத்தில் மட்டும் பேயைக் காரணம் காட்ட முடியாது.

குடிமக்களுக்குக் கட்டணமும் பெரிய தடையல்ல. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதத்தோடு போனால் நிபுணரிடம் 5 வெள்ளி. (அடையாள அட்டை இல்லாத நம்மவர்களும் இன்று தோட்டங்களில் உழைக்கும் வங்காளதேசத்தவரும் வெளிநாட்டவர் கட்டணத்தைப் பல மடங்காகக் கட்ட வேண்டியிருப்பது தனிக் கொடுமை.) கிளினிக்குக்கு ஒரு நாள், மருத்துவமனைக்கு ஒரு நாள், பிறகு மாதக்கணக்கில் மருந்துக்கும் மறுபரிசோதனைக்கும் என்று அலையும்போது, கான்ட்ராக்டில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) உண்டு, அதில் மனநலப் பிரிவின் முத்திரை இருந்துவிட்டால், அது மண்டோர் (மேற்பார்வையாளர்) கையிலிருந்து கிராணியின் (அலுவலக எழுத்தர்) மேசைக்குப் போவதற்குள் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுவதும் செய்தி பரவிவிடும். 1911 முதல் இயங்கும் மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் யார் துணிந்து போவார்கள்? ஈப்போவில் வங்கி அதிகாரியாக இருப்பவர் இதே சோர்வுக்கு வேலை முடிந்ததும் தனியார் மருத்துவரைப் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் வீடு திரும்பலாம்.

மொழிச் சிக்கலை நேரில் பார்த்திருக்கிறேன். மலாய் சரளமாக வராத அம்மா, இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கும் மகளை மொழிபெயர்க்க அழைத்துப் போகிறார். கணவரின் குடியையும் அடியையும் அந்தப் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்லவைப்பது? "தூக்கம் வரவில்லை, நெஞ்செரிச்சல்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். வயிற்றுப்புண் மருந்தோடு திரும்புகிறார்.

தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வரும் என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை என்பதைக் கூட்டத்தில் முதலில் சொல்லுங்கள். 15555 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணையும் சொல்லுங்கள். பூசாரியைக் கண்டிக்காமல் அவரையும் மேடையில் அமர்த்துங்கள். யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியவரும். கிளினிக்கில் தமிழ் பேசும் தாதி எந்த நாளில் இருப்பார் என்று முன்பே கேட்டுவையுங்கள். மாலை மரியாதைக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் அதைக் கொண்டு மாதம் ஒரு முறை வேன் பேசுங்கள்; கூட வர பெரியவர் ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள், பள்ளிப் பிள்ளைகள் வேண்டாம்.