பிரிட்டிஷ் டாங்கி மாடலில் வெளிச்சாமான் ஏற்றுவது: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் டாங்கிகளின் மேல் கட்டிக்கொண்டு போன கேன், தார்ப்பாய், பை, வலை, டிராக் (டாங்கி ஓடும் சங்கிலிப் பட்டை) துண்டு பற்றி வந்த கேள்விகள் இவை. அளவுகள் எல்லாம் 1/35 மாடலுக்கு, அதாவது நிஜ வண்டியில் 35இல் ஒரு பங்கு. 1/48 கட்டுபவர்கள் இங்கே சொல்லும் அளவை 0.73ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

சார், மட்டில்டா டாங்கி கட்டி முடிச்சாச்சு. வட ஆப்பிரிக்கா, 1941. பின்பக்கம் வரிசையா ஜெர்ரி கேன் அடுக்கலாம்னு இருக்கேன். சரிதானே?

வரிசையாக வேண்டாம். ஜெர்ரி கேன், அதாவது உறுதியான தகட்டு எரிபொருள் கேன், ஜெர்மன் சரக்கு. 1941இல் பிரிட்டிஷ் படையிடம் இருந்தவை எதிரியிடம் கைப்பற்றியவைதான். ஒன்றிரண்டு வைக்கலாம், அதற்கு மேல் வைத்தால் காலம் பொருந்தாது. அந்தப் பாலைவனத்துக்கு உரிய கேன் ‘ஃபிளிம்ஸி’. மெல்லிய தகட்டில் செய்த, 4 கேலன், அதாவது 18 லிட்டர் பிடிக்கும் சதுர டின். இரண்டு இரண்டாகப் பெட்டியில் வரும். லாரியில் குலுங்கினாலே ஒட்டு விட்டுப் பெட்ரோல் ஒழுகும். ஜெர்மன் கேனைக் கண்டதும் பிரிட்டிஷார் அப்படியே நகலெடுத்ததற்கு இந்த ஒழுகல்தான் காரணம்.

மாடலில் இது சுமார் 7 மி.மீ. சதுரம், 10 மி.மீ. உயரம். பிளாஸ்டிக் ஷீட்டை அடுக்கி ஒட்டி ஒரு கட்டை செய்து, மேலே மெல்லிய செம்புக் கம்பியில் கைப்பிடியும், வட்டத் துண்டில் மூடியும் வைத்தால் போதும். விளிம்புகளைக் கத்தியால் லேசாகச் சுரண்டி, பக்கங்களை உருண்டையான பிடியால் அமுக்கி நசுக்குங்கள். நேர்கோடாக நிற்கும் ஃபிளிம்ஸி புதிதாகப் பிரித்தது போல இருக்கும். மங்கிய உலோக நிறம் அடித்து, ஒட்டு ஓரங்களில் துரு, மூடியிலிருந்து கீழே கறை.

இன்னொன்றையும் விடாதீர்கள். பாதியாக வெட்டிய ஃபிளிம்ஸியில் மணலைப் போட்டு, பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்துத் தேநீர் கொதிக்கவைப்பார்கள். ‘பெங்காஸி பர்னர்’ என்று பெயர். உள்ளும் புறமும் கரி பிடித்த அரை டின் ஒன்று பின்னால் கம்பியில் தொங்கட்டும், பக்கத்தில் இரண்டு எனாமல் குவளை. பாலைவன வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது.

அப்ப 1944 நார்மண்டிக்கு எந்த ஜெர்ரி கேனும் வைக்கலாமா அண்ணா? என்கிட்ட அமெரிக்க செட் இருக்கு.

பிரிட்டிஷ் கேன் ஜெர்மன் கேனின் நகல். இரண்டு பாதிகளைச் சேர்த்த ஒட்டு, நடுவில் பள்ளமாகச் சுற்றி ஓடும்; மூடி நெம்பித் திறப்பது. அமெரிக்கக் கேனில் அடித்தகட்டின் ஓரம் மடித்திருக்கும், மூடி திருகுவது. போர்க்களத்தில் இரண்டும் கலந்ததுண்டு. ஆனால் பெரும்பாலானவை பிரிட்டிஷாக இருக்கட்டும். அளவு சுமார் 13.5 × 10 × 4.7 மி.மீ. மேலே மூன்று கைப்பிடிகளும் இருக்க வேண்டும். மலிவான செட்களில் அவற்றுக்கு நடுவே இடைவெளி அடைத்திருக்கும், 0.5 மி.மீ. டிரில்லால் குடைந்து திறந்துவிடுங்கள்.

நிரம்பிய கேன் 20 கிலோ தாண்டும். அது தாங்கும் சட்டத்தில் அல்லது பட்டைக்குள் நிற்கும், டெக்கில் (வண்டியின் மேல்தளத்தில்) சும்மா நிற்காது.

நான் பண்ற தார்ப்பாய்ச் சுருள் எல்லாம் பென்சில் மாதிரி விறைப்பா இருக்கு. என்ன தப்பு?

உருளையாக உருட்டி, காய்ந்த பிறகு பட்டை கட்டுகிறீர்கள். அதுதான் தப்பு. நிஜத் துணி கட்டின இடத்தில் ஒடுங்கி, இரு பக்கமும் பிதுங்கும்.

மில்லிபுட் போன்ற எபாக்ஸி புட்டியை இரண்டு பாகமும் சம அளவாக, நிறம் ஒரே சீராகும் வரை பிசையுங்கள். கோடு கோடாக நின்றால் அந்த இடம் காயாது. முகப்பவுடர் தூவிய கண்ணாடியில் அரை மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, அரை மணி நேரம் விடுங்கள். உடனே மடித்தால் அடுக்குகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு நீள விளிம்புகளை உள்ளே மடித்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். முனையில் சுருள் தெரிய வேண்டும்.

சுருள் மிருதுவாக இருக்கும்போதே, டெக்கில் தண்ணீர் தடவி, அது உட்காரும் இடத்தில் வைத்து அமுக்குங்கள். அடியில் போல்ட் இருந்தால் அதன் மேல் துணி வளையும். பட்டையை அப்போதே சுற்றி இழுங்கள். பட்டையிலிருந்து கிளம்பும் சுருக்கங்களை ஈரமான பல்குச்சியால் கோடிடுங்கள். நம் ஊர் வெயிலில் புட்டி சீக்கிரம் இறுகும். ஒரு நேரத்தில் இரண்டு சுருளுக்கு மேல் பிசைய வேண்டாம்.

பட்டைக்குக் களிம்பு டியூபின் அலுமினியத் தகடு நன்றாக வளையும். ஒரு அங்குலப் பட்டை இந்த அளவில் 0.7 மி.மீ. பலர் இரண்டு மி.மீ. வெட்டி வைக்கிறார்கள், நிஜத்தில் அது மூன்று அங்குலத்துக்குச் சற்றே குறைவு, கண்ணில் உறுத்தும்.

ரெசின் பைகள் வாங்கினேன். வச்சா மிதக்குற மாதிரி இருக்கு.

அடிப்பகுதி தட்டையாக, கூர்மையான விளிம்போடு வார்க்கப்பட்டிருக்கும். சுடுநீரில் இரண்டு நிமிடம் போட்டால் மெல்லிய ரெசின் கொஞ்சம் வளையும், டெக்கில் அமுக்கிப் பிடித்துக் குளிரவிடலாம். கனமானது வளையாது. அதற்கு அடியை உப்புத்தாளால் தேய்த்து, மிச்ச இடைவெளியில் மெல்லிய புட்டித் திரியை வைத்து, பையை அழுத்தி, பிதுங்கியதைத் துணி மடிப்பாகச் செதுக்குங்கள். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் உரியும். தேய்க்கும்போது முகக்கவசமும் ஈர உப்புத்தாளும் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

சர்ச்சில், குரோம்வெல், ஃபயர்ஃபிளை மூணு டாங்கியும் வரிசையா இருக்கு. எங்க வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.

சர்ச்சிலில் ஹல்லின் (வண்டி உடலின்) இரு பக்கமும் துருத்தி நிற்கும் காற்றுப் பெட்டிகளை மூடக் கூடாது. அடைத்தால் இன்ஜின் மூச்சுத்திணறும். இன்ஜின் டெக்கில் புகைக்குழாய்கள் கிடக்கின்றன. கொதிக்கும் குழாய் மேல் கான்வாஸ் வைக்க யாரும் துணிய மாட்டார்கள். குரோம்வெலில் டரட்டுக்கு (சுழலும் பீரங்கிக் கூண்டுக்கு) பின்னால் உள்ள காற்று வழியும், நார்மண்டியில் பின்னால் பொருத்திய புகை மறைப்பின் வாயும் திறந்திருக்கட்டும்.

ஃபயர்ஃபிளை என்பது 17 பவுண்டர் பீரங்கி பொருத்திய ஷெர்மன் டாங்கி. அதன் டரட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் கவசப் பெட்டியில் 19ஆம் எண் வயர்லெஸ் செட் இருக்கிறது. நீண்ட 17 பவுண்டர் குழாயைப் பின்பக்கம் திருப்பி, டெக்கின் கவட்டையில் படுக்கவைப்பார்கள். அந்த வழியை மறிக்கும் எதுவும் அங்கே நிற்காது.

எந்த வண்டியானாலும் ஒட்டும் முன் சாமானை ப்ளூ டாக் (கழற்றக்கூடிய ஒட்டுப் பசை) வைத்து நிறுத்தி, டரட்டை முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிறகு ஓட்டுநர் மூடியைத் திறந்து பாருங்கள். பெரிஸ்கோப்பின் முன்னால் விரல் அகலம்கூட மறைக்கக் கூடாது.

உருமறைப்பு வலைக்கு என்ன உபயோகிக்கலாம்?

மருந்துக்கடை காஸ் துணிதான், ஒற்றை அடுக்காகப் பிரித்து. பச்சையும் பழுப்பும் அடித்த டிஷ்யூ தாளை 1.5 மி.மீ. பட்டைகளாக வெட்டுங்கள், நிஜச் சாக்குப் பட்டை இரண்டு அங்குலம். தண்ணீர் கலந்த பி.வி.ஏ. பசையில் வலையை நனைத்து, பட்டைகளைக் குறடால் கண்களில் நுழைத்து வளையுங்கள். சீராகத் தூவினால் தோட்டத்து வேலி போல ஆகும். ஒரு இடம் அடர்த்தி, ஒரு இடம் வெறுமை என்று இருக்கட்டும். காய்ந்ததும் பசை பளபளக்கும், மேட் வார்னிஷ் அவசியம். சுருட்டி வைப்பதானால் இவ்வளவு பாடு வேண்டாம், காஸைச் சுருட்டி வெளிப்பக்கம் மட்டும் பட்டை ஒட்டுங்கள்.

செட்டில் இருக்கற அமெரிக்க குண்டுப் பெட்டிகளை சர்ச்சில் மேல வைக்கலாமா?

வேண்டாம். சர்ச்சிலில் இருப்பது 7.92 மி.மீ. பெசா எந்திரத் துப்பாக்கி. அமெரிக்கப் பெட்டி .30 பிரௌனிங்குக்கு, அதனால் பிரிட்டிஷ் ஷெர்மன் மேல் இருந்தால் சரி. நார்மண்டி சர்ச்சிலுக்குப் பெட்டி வேண்டுமென்றால் 14 பேர் ரேஷன் மரப்பெட்டி வையுங்கள். 1937 மாதிரிச் சிறிய பை ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று இருக்கும், சுமார் 8 × 6.5 × 3 மி.மீ.

டிராக் துண்டுகளை எப்படிப் பிடிக்க வைக்கிறது? துரு நிறமா அடிக்கணுமா?

அந்த வண்டி ஓடும் அதே வகை டிராக்காக இருக்கட்டும். பற்றவைத்த இரும்புக் கம்பி அல்லது கொக்கி தெரிய வேண்டும்: 0.5 மி.மீ. கம்பி, இரு முனையிலும் புட்டியால் வெல்டிங் தடம். முழுக்க ஆரஞ்சுத் துரு வேண்டாம். அடர்பழுப்பு அடித்து, சிலவற்றில் வண்டி நிறமும் படிந்திருக்கட்டும். 1944 ஏப்ரலுக்குப் பிறகு ஆணைப்படியான நிறம் எஸ்.சி.சி. (பிரிட்டிஷ் ராணுவ நிற வரிசை) 15 ஆலிவ், அதற்கு முன் எஸ்.சி.சி. 2 பழுப்பு. கோடையில் இரண்டும் களத்தில் இருந்தன.

சாமானை ஒட்டிட்டுப் பெயின்ட் பண்ணணுமா, பெயின்ட் பண்ணிட்டு ஒட்டணுமா?

டெக்கோடு அமுக்கி உருவாக்கிய சுருளைக் காய்ந்ததும் கழற்றி, அடியில் 0.5 மி.மீ. ஊசி செருகி, டெக்கில் துளையிட்டுக்கொள்ளுங்கள். வண்டியும் சாமானும் தனித்தனியாக நிறம். ஒவ்வொரு துணிக்கும் வேறு காக்கி, ஒன்று மஞ்சள் சாய்ந்தது, ஒன்று பச்சை, ஒன்று வெளிறியது. சேர்த்த பிறகு பட்டை முனைகளைக் கொக்கிகளில் மாட்டி, ஒட்டின இடத்தைத் தொட்டு நிறமிட்டு, கடைசியாக டெக்குக்கு அடித்த அதே தூசுப் பொடியைச் சாமானின் மேல்பக்கத்திலும் மடிப்புகளிலும் தடவுங்கள்.