நாதஸ்வரம், வீணை, ஜாஸ் கேட்க 10,000 ரூபாய்க்குள் எந்த இயர்போன்?

கேள்வி இது: யாழ்ப்பாணத்தில் இருப்பவர், வயர் உள்ள இயர்போன் வேண்டும், போனில் 3.5 மில்லிமீற்றர் துளை இல்லை, கச்சேரிகளும் கொஞ்சம் ஜாஸும் கேட்பார், கையில் 10,000 ரூபாய்.

அந்தப் பணம் போதும். ஆனால் அதில் ஒரு பங்கை றப்பர் டிப்புக்கென்று (இயர்போன் முனையில் மாட்டி, காதுக்குள் போகும் சிறு உறை) முதலே எடுத்து வையுங்கள். காதுத் துவாரம் முழுதாக அடைபடாவிட்டால் கீழ்ச்சுரங்கள்தான் முதலில் கசிந்து போகும். மிருதங்கத் தொப்பியின் ‘கும்’ வெறும் ‘டப்’ ஆகிவிடும். ஜாஸில் வரும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 41 அதிர்வு), அவ்வளவு தாழ்ந்தது. அடைப்பு இல்லாவிட்டால் வாசிப்பவரின் விரல் உரசுவது கேட்கும், சுரத்தின் உடம்பு கேட்காது. “பேஸே இல்லை” என்று மூலையில் போடப்படும் இயர்போன்களில் பல பழுதானவை அல்ல, டிப் அளவு பிழைத்தவை.

பெட்டிக்குள் பெரும்பாலும் மூன்று அளவு டிப் இருக்கும். பெரியதிலிருந்து தொடங்குங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள். இயர்போனை இலேசாகத் திருகி உள்ளே விட்டபின் மடலை விடுங்கள். வயரைக் காதுக்கு மேலால் சுற்றிப் போடும் வகையானால் அப்படியே போடுங்கள், சட்டையில் வயர் உரசும் சத்தம் குறையும். பிறகு தம்புரா சுருதியை ஓடவிட்டு இயர்போனை விரலால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது மந்தரம் (பேஸ்) கூடினால் அடைப்பு சரியில்லை, டிப்பை மாற்றுங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றில்லை. ஒன்றுக்கு நடுத்தரம், மற்றதற்குப் பெரியது போடுவதில் தவறே இல்லை. உள்ளே தள்ளும்போது ‘சரக்’ என்று கேட்டால் அடைபட்ட காற்று இயர்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை நெரிக்கிறது. மடலை இழுத்துப் பிடித்து மெதுவாகப் போட்டால் நிற்கும். பஞ்சு போன்ற ஃபோம் டிப் வெளிச்சத்தத்தை இன்னும் நன்றாக மறைக்கும், உச்சச் சுரங்களின் கூர்மையையும் கொஞ்சம் தணிக்கும். ஆனால் எங்கள் ஊர் வெக்கையில் வியர்வை ஊறி விரைவில் தளர்ந்துவிடும், திரும்பத் திரும்ப வாங்கவேண்டி வரும்.

இனி ஒலியின் சாயல். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று பெட்டியில் அடித்து விற்பவற்றை விட்டுவிடுங்கள். அவற்றில் மந்தரமும் உச்சமும் தூக்கி, நடுப்பகுதி குழிந்திருக்கும். பாடகரின் குரல், வீணையின் கமகம், சாக்ஸபோன் எல்லாம் வாழ்வது அந்த நடுப்பகுதியில்தான். நாதஸ்வரத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை மிகவும் கூர்மையானது. அந்த இடத்தில் இயர்போனும் அளவுக்கு மீறித் தூக்கினால் மேல்ஸ்தாயி குத்தும், தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் ஒவ்வொரு அடியும் காதில் அறையும். வீணைக்கு ‘தெளிவாக’ இருக்கிற ஒன்று நாதஸ்வரத்தில் கால் மணித்தியாலத்தில் களைப்பைத் தரலாம்.

ஆகவே முதல் தெரிவாகச் செவன்ஹேர்ட்ஸ் ஜீரோ 2 ஐச் சொல்வேன். மந்தரம் போதியளவு உண்டு, உச்சம் அடக்கம். பழைய ஒலிப்பதிவுகளின் நாடா இரைச்சலையும் தூக்கிக் காட்டாது. மூன்ட்ராப் சூ 2 இன்னும் பளிச்சென்றிருக்கும். ஜாஸ் சிம்பலுக்கும் வீணைக்கும் அழகு, நாதஸ்வரத்துக்குச் சற்றுக் கூர்மை. இரண்டும் வெளியூர் விலையில் 20, 25 டொலர் அளவு; தபாலும் வரியும் வேறு. இரண்டிலும் வயரைக் கழற்றலாம் (0.78 மில்லிமீற்றர் இரட்டை ஊசி), அதனால் வயர் அறுந்தால் வயரை மட்டும் மாற்றலாம். கழற்றும்போது நேராக இழுங்கள், ஆட்டினால் ஊசி வளையும். காது சிறியது, பெரிய கூடு நோகிறது என்றால் ஃபைனல் ஈ1000 நல்லது, மிகச் சிறியது. ஆனால் வயர் நிரந்தரம், அறுந்தால் கதை முடிந்தது. கஸ்தூரியார் வீதிப் பக்கக் கடைகளில் இவை இல்லாவிட்டால் ஒன்லைனில் எடுக்கலாம். விற்பவர் மாற்றித் தருவாரா என்று முதலே கேட்டு வையுங்கள்.

போனில் துளை இல்லாததால் யூஎஸ்பி-சி மாற்றி தேவை. இங்கேதான் அதிகம் ஏமாறுவார்கள். மலிவான சில மாற்றிகளுக்குள் வெறும் கம்பிதான் இருக்கும். யூஎஸ்பி-சி துளையால் அனலொக் ஒலியைத் தரும் போன்களில் மட்டுமே அவை வேலை செய்யும், மற்றவற்றில் மௌனம். ‘டாக்’ (DAC, போனின் டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கேற்ற அனலொக் ஒலியாக மாற்றும் சில்லு) உள்ளது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அப்பிளின் மாற்றி நல்ல தரம், ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும். போனிலுள்ள ‘டொல்பி’, ‘பேஸ் பூஸ்ட்’ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அப்போதும் நாதஸ்வரம் குத்தினால் ஈக்குவலைசரில் 3,000 ஹேர்ட்ஸ் அருகே 2 அல்லது 3 டெசிபெல் இறக்கிப் பாருங்கள்.

வந்தவுடன் சோதிக்க ஒரு நல்ல வழி, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி காலத்துத் தவில் பதிவு எதையாவது போடுவது. அது மோனோ பதிவாக இருந்தால் ஒலி தலையின் நடுவில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இயர்போனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் சேர்ந்து மாறினால் பழுது இயர்போனில் அல்லது மாற்றியில்; வேறு மாற்றியிலும் அப்படியே என்றால் இயர்போனைத் திருப்பிக் கொடுங்கள். அதே பக்கம் நின்றால் டிப் அடைப்பு, அல்லது காதுக் குறும்பி.

யாழ்–கொழும்பு பஸ்ஸில் என்ஜின் சத்தத்தை வெல்லச் சத்தத்தைக் கூட்டவேண்டாம், அங்கே ஃபோம் டிப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபெலில் வாரம் 40 மணித்தியாலம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

சில மாதங்களில் ஒரு பக்கம் மங்கினால் பெரும்பாலும் குறும்பி, இயர்போன் முனையிலுள்ள சிறு வலையை அடைத்திருக்கும். டிப்பைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். வலையில் தண்ணீர் படக்கூடாது. இயர்போனின் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மென்மையான பல்தூரிகையால் தட்டிவிடுங்கள், ஊசியால் குத்தினால் வலை உள்ளே போய்விடும். சூ 2 இல் அந்த வலையுள்ள முனையையே திருகிக் கழற்றி மாற்றலாம். கடற்கரைப் பக்கம் வீடென்றால் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றுடன் மூடிய டப்பாவில் வையுங்கள், ஊசியும் பிளக்கும் களிம்பு பிடிக்காது.