டிஸ்க்வேர்ல்ட் ஓவியங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பினாங்கு சௌரஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடையொன்றில் ‘தி ஆர்ட் ஆஃப் டிஸ்க்வேர்ல்ட்’ கிடைத்தது. டெர்ரி பிராட்செட்டின் நகைச்சுவை மாயக்கதை வரிசையான டிஸ்க்வேர்ல்ட் நாவல்களில் ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’, ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ இரண்டை மட்டும்தான் படித்திருக்கிறேன். ஓவிய நூலை ஒரே மூச்சில் புரட்டி முடித்துவிட்டேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் அப்படி எதைப் பார்க்கிறார்கள் என்று பிடிபடவில்லை. பூதக்கண்ணாடி வைத்தால் வெறும் புள்ளிகள் தெரிகின்றன. மற்ற நாவல்களை முடித்துவிட்டுத்தான் இதைத் திறக்க வேண்டுமா? கடைசிப் பக்கங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பூஞ்சை வாடையும் அடிக்கிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு நாவல் போதும். 41 நாவல்களையும் முடித்துவிட்டுத்தான் என்று இருந்தால் அந்த நூல் அலமாரியைவிட்டு இறங்காது. சூனியக்காரி நானி ஓக் யார் என்று ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ (1988) சொல்லிவிட்டது. காவல்படைத் தலைவர் வைம்ஸ் யார் என்று ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) சொல்லிவிட்டது. அந்த இருவரும் வருகிற பக்கங்களில் மட்டும் ஒரு வாரம் இருங்கள். தெரியாத முகங்களை இப்போதைக்குத் தாண்டிப் போங்கள்.

நகைச்சுவைக் கதைக்குப் படம் போடுகிறவர் படத்திலும் கோமாளித்தனம் செய்தால் கதை செத்துப்போகும். பிராட்செட் எவ்வளவு அபத்தமான சங்கதியையும் முகம் மாறாமல் சொல்கிறவர். இந்த நூலின் ஓவியர் பால் கிட்பியின் பலம், அவரும் முகம் மாறாமல் வரைவது. சூனியக்காரக் கிழவியை, அரண்மனைச் சீமாட்டிக்குக் கொடுக்கிற அதே மரியாதையோடு உட்கார வைத்து, வெளிச்சம் பார்த்து, துணியின் மடிப்பு பார்த்து வரைகிறார். அவருக்கு முன் அட்டைகளை வரைந்த ஜோஷ் கிர்பி (1928–2001) வேறு வழி. எண்ணெய் வண்ணம், நெரிசல், புடைத்த தசைகள், சுழன்று பாயும் கூட்டம். முதல் நாவலில் டூஃப்ளவர் என்கிற சுற்றுலாப் பயணிக்கு நான்கு கண்கள் என்று வரும். மூக்குக்கண்ணாடியைத்தான் ஆசிரியர் அப்படிச் சொன்னார். கிர்பி உண்மையிலேயே நான்கு கண்களை வரைந்துவிட்டார். கிர்பியின் வேகம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் பிராட்செட்டின் குரலுக்கு ஒட்டிவருவது கிட்பியின் கைதான்.

இனி பார்க்கும் முறை. இந்த ஓவிய நூலின் அட்டையில் நானி ஓக் மோனா லிசாவாக உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசியில் டா வின்சியின் மூலத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று கைகள்: மூலத்தில் வலது கை இடது கையின் மேல் படிந்திருக்கும். இரண்டு, பின்னணி: மூலத்தில் இடப்பக்க அடிவானம் தாழ்ந்தும் வலப்பக்கம் உயர்ந்தும் இருக்கும், அதனால் முகத்தின் இரு பக்கமும் ஒன்றுபோல் தோன்றாது. மூன்று, உதட்டோரம்: அங்கே கோடே கிடையாது, நிழல் மட்டும்தான். இந்த மூன்றில் கிட்பி எதை அப்படியே வைத்திருக்கிறார், எதை மாற்றியிருக்கிறார் என்று தாளில் எழுதிப் பாருங்கள். மாற்றிய இடத்தில்தான் நாவலில் நீங்கள் சந்தித்த அந்தக் கிழவி இருப்பார். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் தானாகப் போய்விடும்.

இதைவிட நெஞ்சைத் தொடுவது ‘நைட் வாட்ச்’ (2002) நாவலின் அட்டை. ரெம்பிராண்ட் 1642ல் வரைந்த அதே பெயர்கொண்ட ஓவியத்தைத் தழுவியது. மூலத்தில் கறுப்பு உடையில் சிவப்புப் பட்டை கட்டிய தலைவர், பக்கத்தில் மஞ்சள் உடையில் துணைத்தலைவர், அவர்களுக்குப் பின்னால் நெரிசல். அந்த நெரிசலில் ஒரு தொப்பியும் ஒற்றைக் கண்ணும் மட்டும் எட்டிப் பார்க்கும். அது ரெம்பிராண்ட் தன்னையே வரைந்துகொண்டது என்பார்கள். கிட்பி தன் படத்தில் அந்த இடத்தில் வைத்தது கிர்பியின் முகத்தை. கிர்பி அப்போது இறந்து அதிக காலம் ஆகவில்லை. மூலத்தின் மிக நுண்ணிய படத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் தளத்தில் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத் தேடுங்கள்.

ஆமைப் படங்களுக்கு வேறு வழி. ஆதிகூர்மமும் திக்கஜங்களும் கேட்டு வளர்ந்த நமக்கு, ஆமை மேல் நான்கு யானைகள், அவற்றின் மேல் உலகம் என்கிற டிஸ்க்வேர்ல்டின் அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். அதனாலேயே கண் சட்டென்று நகர்ந்துவிடும். ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ (1983) நூலகத்தில் கிடைத்தால் அதன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள். விண்கற்கள் மோதிய வடுக்களை ஓட்டில் தேடுங்கள். ஆமை எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குச் சொல்வது அந்தச் சின்ன வடுக்கள்தான்.

புள்ளிகள் பற்றி: அச்சில் தூரிகைத் தடம் இருக்காது. வான்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகள்தான் படமாகத் தெரிகின்றன. 10 மடங்கு லென்ஸ் வைத்தால் படம் போய்ப் புள்ளிதான் மிஞ்சும். 2 மடங்கு போதும். பென்சில் படங்களில் அது நன்றாக உதவும், எங்கே அழுத்தினார், எங்கே கையைத் தளர்த்தினார் என்று தெரியும். தலைக்கு மேல் எரியும் டியூப்லைட் பளபளப்புத் தாளில் வெள்ளைப் பட்டையாக விழுந்து இருண்ட பகுதிகளைத் தின்றுவிடும். அதை அணைத்துவிட்டு மேசை விளக்கை இடப்பக்கம் தாழ்வாக வைத்து, பட்டை மறையும்வரை நகர்த்துங்கள். எல்ஈடி பல்பு வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள், குறைந்தால் சிவப்புகள் மங்கும். நூலை 180 பாகை விரித்து அழுத்தாதீர்கள். இரு அட்டைகளுக்கும் அடியில் சுருட்டிய துண்டு வைத்தால் முதுகுப் பசை விடாது.

ஒட்டிய பக்கங்களை இழுக்கவே இழுக்காதீர்கள். பளபளப்புத் தாளின் மேல் களிமண் பூச்சு இருக்கும். ஈரம் பட்டால் அது இளகி, காயும்போது எதிர்ப்பக்கத்துப் பூச்சோடு ஒன்றாகிவிடும். பிறகு பிரித்தால் மையும் சேர்ந்து உரியும். ஓரம் மட்டும் ஒட்டியிருந்தால் மெல்லிய பாலியெஸ்டர் தாளை மெதுவாக நுழைத்துப் பாருங்கள். தடைபட்ட இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஆவி காட்டுவது, ஹேர் டிரையர் இரண்டும் கெடுதல்.

பூஞ்சைப் பொடி கண்ணுக்குத் தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, பால்கனி நிழலில், மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். வாடைக்கு, மூடிப் பெட்டியில் நூலைப் பக்கங்கள் விரிய நிற்க வைத்து, பக்கத்தில் கிண்ணத்தில் 200 கிராம் சமையல் சோடாவை நூலில் படாமல் வைத்து இரண்டு வாரம் விடுங்கள்.

பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும் நம் ஊர் சராசரி ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவிகிதத்துக்கு மேல்தான், பூஞ்சைக்கு அதுவே போதும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) இருந்தால் 50 சதவிகிதத்தில் வையுங்கள். அதைவிட மிகவும் கீழே இறக்கினால் முதுகுப் பசை வறண்டுபோகலாம். இல்லையென்றால் மூடிப் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பச்சை வேப்பிலை வைப்பதும் வேண்டாம், அந்த இலை ஈரத்தைத்தான் கொண்டுவரும். மேலுறைக்குப் பள்ளிப் புத்தகங்களுக்குப் போடுகிற பிவிசி பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள். வெக்கையில் அது மையோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது நானி ஓக்கின் முகமும் கூடவே வந்துவிடும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள்.