தேங்காய் மாவுக்குத் தாகம் அதிகம்

அடுக்களைக் கேள்விகள்

போன இதழில், சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலையில் இட்லி, தோசை தவிர வேறு என்ன செய்யலாம் என்று கேட்ட ஒருவருக்கு, தேங்காய் மாவில் வாஃபிள் (சூடான இரண்டு தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றிச் சுடும், கட்டம் கட்டமாகக் குழி விழுந்த பண்டம்) செய்து பாருங்கள் என்று மூன்று வரியில் பதில் எழுதியிருந்தேன். அது மூன்று வரியில் முடிகிற விஷயம் இல்லை என்பது வந்த கடிதங்களைப் படித்ததும் தெரிந்தது. அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை.

டீச்சர், கோதுமை மாவு வாஃபிளுக்கு என்ன அளவோ அதே அளவில் ஒரு டம்ளர் தேங்காய் மாவு போட்டேன். பால் ஊற்ற ஊற்ற இறுகிக்கொண்டே போனது. மெஷினைத் திறந்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. எங்கே தப்பு?
— ஒரு வாசகி, சத்துவாச்சாரி

உங்கள் கைப்பக்குவத்தில் தப்பில்லை கண்ணு, அளவில்தான் தப்பு. அளவைச் சொல்லாமல் விட்டது நான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் மாவு, அரிசி மாவு போலவோ கோதுமை மாவு போலவோ தானியத்தை அரைத்து வந்ததில்லை. தேங்காயில் பாலும் எண்ணெயும் போன பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்துப் பொடித்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நார்தான். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காய்ந்த தென்னை நார்த்தூளை ஒரு கை அள்ளித் தண்ணீரில் போட்டால் எவ்வளவு உறிஞ்சுகிறது, எப்படி ஊதுகிறது என்று. இந்த மாவும் அந்த ஜாதிதான். ஒரு டம்ளர் மைதா போடும் இடத்தில் கால் டம்ளர் போட்டால் போதும். அதற்கு மேல் போட்டால் எவ்வளவு பால் ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும்.

இன்னொன்று, கோதுமையில் இருக்கிற இழுவைப் பசை இதில் துளியும் கிடையாது. பிடித்து நிறுத்துவது முட்டை ஒன்றுதான். அதனால் முட்டை தாராளமாக வேண்டும். நான் இப்போது செய்யும் அளவு இது: முட்டை நாலு, தேங்காய் மாவு 30 கிராம் (தலை தட்டிய நாலு டேபிள்ஸ்பூன்), உருக்கிய வெண்ணெய் 50 கிராம், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய் தட்டியது. பால் கிடையாது. எங்கள் வீட்டு வட்ட மெஷினில் இதற்கு மூன்று வாஃபிள் வரும்.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு உடைக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன், சூடு எங்கே, குளிர்ச்சியோடு உடைக்காதீர்கள். அரை மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். குளிர்ந்த முட்டையில் உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் வெண்ணெய் திரும்ப உறைந்து குருணை குருணையாக மிதக்கும். மாவைச் சல்லடையில் சலித்துவிட்டுச் சேருங்கள், இது கட்டி தட்டும் மாவு. கலந்ததும் நீர்க்க இருக்கும். பயந்து இன்னும் ஒரு ஸ்பூன் மாவு போடத் தோன்றும். போடாதீர்கள். பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். கரண்டியால் எடுத்துச் சாய்த்தால் இட்லி மாவு விழுவதுபோல மெத்தென்று விழ வேண்டும். கெட்டியாக நின்றால் ஒரு ஸ்பூன் தண்ணீர்.

அடுத்தது, திறக்கும் நேரம். பெங்களூரில் படிக்கும் பேத்தி இந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்த அன்று, இரண்டாவது நிமிஷமே ஆசையில் மூடியைத் தூக்கினேன். வாஃபிள் குறுக்கே இரண்டு ஏடாகப் பிரிந்து, பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டது. நடுவில் மஞ்சளாக ஈரம். அன்றிலிருந்து மெஷினின் விளக்கைப் பார்ப்பதில்லை, ஆவியைத்தான் பார்க்கிறேன். மாவு ஊற்றி மூடியதும் ஓரத்தில் குபுகுபுவென்று ஆவி வரும். அது நன்றாக அடங்கிய பிறகு, ஐந்து நிமிஷம்போல ஆகும், மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிஷம். வெந்துவிட்டால் தானே விட்டுக்கொடுக்கும். எடுத்ததும் தொளதொளவென்று இருக்கும். தட்டில் வைத்தால் அடியில் வியர்த்துவிடும், கம்பி வலை மேல் இரண்டு நிமிஷம் போடுங்கள், விறைத்துக்கொள்ளும்.

கடையில் தேங்காய்ப் பொடி பாக்கெட் வாங்கிச் செய்தேன். மெஷின் முழுக்க எண்ணெய் வழிந்தது. மாவு கெட்டுப்போனதா?
— ஒரு வாசகர், ஆம்பூர்

கெடவில்லை தம்பி. அது தேங்காய் மாவே இல்லை. எனக்கும் இதே நடந்திருக்கிறது. பர்பி, லட்டுக்குப் போடும் உலர்ந்த தேங்காய்த் துருவலை "தேங்காய்ப் பொடிதான், எல்லாம் ஒன்றுதான்" என்று கொடுத்துவிட்டார்கள். அதில் எண்ணெய் எடுக்கப்பட்டிருக்காது. பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். நூறு கிராமுக்குக் கொழுப்பு 60 கிராமுக்கு மேல் போட்டிருந்தால் அது துருவல். கொழுப்பு 15 கிராம்போல, நார்ச்சத்து 35 கிராமுக்கு மேல் என்று இருந்தால் மாவு. வாங்கிய துருவலை வீணாக்காமல் பொரியலில் தூவிவிடுங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை அம்மா. நம் ஊரில் இவ்வளவு தேங்காய் இருக்கும்போது வீட்டிலேயே இந்த மாவைச் செய்ய முடியாதா?
— ஒரு வாசகி, கே.வி. குப்பம்

தோப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்கவில்லை என்றால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். தாராளமாகச் செய்யலாம். குடியாத்தத்தில் என் மாடியில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முற்றிய காயாக எடுங்கள். கீறி, பின்பக்கத்துப் பழுப்புத் தோலைச் சீவிவிட்டால் மாவு வெள்ளையாக வரும், சீவாவிட்டாலும் ருசிக்குக் குறைவில்லை. துருவி, வெந்நீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் மூன்று தடவை பால் பிழியுங்கள். முதல் பாலைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் தடவை முறுக்கும்போது கை வலிக்கும், அந்த வலியில்தான் மாவின் தரம் இருக்கிறது. எண்ணெய் மிஞ்சினால் மாவு சீக்கிரம் காறிவிடும்.

பிழிந்த சக்கையை உதிர்த்து, அகலத் தட்டில் விரல் தடிமனுக்கும் குறைவாகப் பரப்பி, மேலே இன்னொரு துணி கட்டி வெயிலில் வையுங்கள். வேலூர் வெயிலை எல்லாரும் திட்டுகிறோம். இந்த ஒரு வேலைக்கு அதைவிட நல்ல அடுப்பு இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு வைத்தால் சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிடுகிறது. கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் மணல் மாதிரி உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்பி இறங்காதீர்கள். நான் ஒரு தடவை இரண்டு நாள் விட்டு விட்டுக் காயவைத்தேன், புளித்த வாடை வந்து மொத்தமும் குப்பைக்குப் போனது. மழைக்காலத்தில் அடி கனமான வாணலியில், மிகக் குறைந்த தீயில், நிறம் மாறாமல் வறட்டிக்கொள்ளுங்கள்.

காய்ந்ததை ஆறவைத்து மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். ஒரே மூச்சில் ஓடவிட்டால் ஜார் சூடாகி எண்ணெய் கசிந்து மாவு அப்பிக்கொள்ளும். சலித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு பெரிய காய்க்கு எனக்கு அரை டம்ளருக்குச் சற்று மேலே கிடைக்கிறது. கடை மாவைவிட இதில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதனால் அவ்வளவு உறிஞ்சாது. நாலு முட்டைக்கு ஐந்து டேபிள்ஸ்பூன் போட்டு, வெண்ணெயைப் பத்து கிராம் குறையுங்கள்.

என் கணவருக்குச் சர்க்கரை. இதைத் தினமும் கொடுக்கலாமா? எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது என்கிறார்களே?
— ஒரு வாசகி, ராணிப்பேட்டை

என் வீட்டுக்காரருக்கும் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. அதனால் இந்தக் கேள்வியை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கணக்கைப் பார்ப்போம். நூறு கிராம் மைதாவில் 75 கிராம்போல மாவுச்சத்து, நார் மூன்று கிராம்கூட வராது. தேங்காய் மாவிலும் 60 கிராம்போல மாவுச்சத்துக் கணக்கு வரும். ஆனால் அதில் பாதிக்கு மேல் செரிக்காத நார். நாம் போடுவது 30 கிராம்தான். நாரைக் கழித்தால் மொத்தக் கலவைக்கும், முட்டையில் உள்ளதையும் சேர்த்து, பத்து கிராமுக்குள் அடங்கும். மூன்று வாஃபிளாகப் பிரித்தால் ஒன்றுக்கு மூன்று கிராம் சுமார். லோ கார்ப் (மாவுச்சத்துக் குறைவு) என்று சொல்வது இதனால்தான், அது உண்மைதான்.

ஆனால் "எவ்வளவு சாப்பிட்டாலும்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு முட்டை, 50 கிராம் வெண்ணெய், மாவு எல்லாம் சேர்ந்து 750 கலோரிக்குக் குறையாது. வெண்ணெயிலும் தேங்காயிலும் இருப்பது பெரும்பாலும் பூரிதக் கொழுப்பு, கொலஸ்ட்ராலை ஏற்றும் ரகம். கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர் தினமும் இதையே சாப்பிடுவது சரியில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒருவருக்கு ஒரு வாஃபிள், கூடவே ஒரு கிண்ணம் காய். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

இதைவிட முக்கியமானது மாத்திரை. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் வழக்கமான இட்லி, தோசையை நிறுத்திவிட்டு இதற்கு மாறினால், மருந்து அதே அளவில் வேலை செய்து சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துவிடலாம். என் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் பதினோரு மணிக்குத் திடீரென்று நெற்றியெல்லாம் வியர்த்து, டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. குளுக்கோமீட்டரில் 62 காட்டியது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரம் எனக்குத்தான் தெரியும். டாக்டரிடம் முதலில் சொல்லாமல் உணவை மாற்றியது என் தவறு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். என்ன மாத்திரை, என்ன உணவு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துக் குறித்து வையுங்கள்.

மேலே தேனோ நாட்டுச் சர்க்கரையோ ஊற்றிக்கொள்ளலாம்தானே? அது வெள்ளைச் சர்க்கரை இல்லையே?
— ஒரு வாசகர், வாணியம்பாடி

வேண்டாம். தேன், வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாமே உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் 17 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு மூன்று கிராமுக்குக் கொண்டுவந்த வாஃபிள் மேல் அதை ஊற்றுவதா? இனிப்பு வேண்டும் என்றால் எரித்ரிடால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்புப் பொடி) கொஞ்சம் போடலாம், நாக்கில் ஜில்லென்று ஒரு உணர்ச்சி வரும், சிலருக்குப் பிடிக்காது. எனக்கு ஏலக்காயும் தேங்காயின் சொந்த இனிப்புமே போதும்.

நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. ஆளிவிதையை ஊறவைத்துப் போட்டால் வருமா?
— ஒரு வாசகி, காட்பாடி

வராது. ஒரு முட்டைக்கு ஒரு ஸ்பூன் ஆளிவிதைப் பொடியும் மூன்று ஸ்பூன் தண்ணீரும் என்ற கணக்கு மைதா கேக்குக்குச் சரி. இங்கே முட்டைதான் சுவர், மாவு வெறும் பூச்சு. சுவரையே எடுத்துவிட்டால் என்ன நிற்கும்? நான் மூன்று தடவை முயன்றேன், இசப்கோல் சேர்த்தும் பார்த்தேன், உள்ளே பிசுபிசுப்புப் போகவே இல்லை. உங்களுக்குப் பாசிப்பருப்பு நல்லது. நாலு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, சீரகத்தோடு கெட்டியாக அரைத்து, இரண்டு ஸ்பூன் தேங்காய் மாவு கலந்து வார்த்தால் அழகாக வருகிறது. மாவுச்சத்து முட்டை வாஃபிளைவிடக் கூடுதல்தான், ஆனால் அரிசி தோசையைவிடச் சர்க்கரை மெதுவாகவே ஏறும்.

மெஷின் இல்லை. வாங்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, பேரணாம்பட்டு

வேண்டாம். பணியாரக் கல் இருக்கிறதா? குழிக்கு அரை டீஸ்பூன் நெய் விட்டு முக்கால் குழி ஊற்றி, மூடி போட்டுச் சிறு தீயில் வையுங்கள். ஓரம் பழுத்ததும் திருப்புங்கள். தோசைக்கல்லில் ஊற்றினால் உள்ளங்கை அளவுக்கு மேல் வேண்டாம், பெரிதாக வார்த்தால் திருப்பும்போது ஒடியும்.

காரமாகச் செய்தால் எதோடு சாப்பிடலாம்?
— ஒரு வாசகர், அணைக்கட்டு

ஏலக்காயை விட்டுவிட்டு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு, ஒரு சிட்டிகை பெருங்காயம் சேருங்கள். தொட்டுக்கொள்ள நம் வேலூர் முள்ளு கத்திரிக்காய் இருக்கிறதே! 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். நேதாஜி மார்க்கெட்டில் காலையில் போனால் காம்பில் முள் குத்தும் பதத்தில் கிடைக்கும். அதைச் சுட்டுத் தோலுரித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிப் போட்டுப் பிசைந்து, சூடான வாஃபிளின் குழிகளில் ஒரு ஸ்பூன் வைத்துப் பாருங்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தட்டில் வைத்த இரண்டு நிமிஷத்தில் காலியானது.